பழைய பைபர் வள்ளம் வாங்கப் போறீங்களா? கரையில என்ன பார்க்கணும், தண்ணியில என்ன பார்க்கணும்: முழு வழிகாட்டி

நம்ம ராமநாதபுரம் கடற்கரையில பழைய வள்ளம் பேசி முடிக்கிறது பெரும்பாலும் எஞ்சினை வச்சுத்தான் நடக்குது. ஒரே இழுப்புல ஸ்டார்ட் ஆகுது, சத்தம் நல்லா இருக்கு, பெயின்ட் பளபளன்னு இருக்கு, சரி முடிச்சுக்கலாம்னு அட்வான்ஸ் கைமாறிடுது. எஞ்சின் கெட்டுச்சுன்னா கழட்டி வச்சுட்டு வேற ஒண்ணு மாட்டிக்கலாம். பாடி உள்ளுக்குள்ள ஊறிப் போயிருந்தா, அதைச் சரி பண்ற செலவுல பாதி புது பாடியே வந்துடும், சரி பண்ணாலும் பழைய பலம் வராது. அதனால நீங்க காசு கொடுக்கிறது பாடிக்குத்தான்னு நினைச்சுக்கிட்டு பார்க்கப் போங்க. இதுல பாதிக்கு மேல பாடியைப் பத்தியே எழுதியிருக்கேன், காரணம் அதுதான்.

இது அவுட்போர்டு எஞ்சினோ (பின்பக்கம் வெளியில மாட்டுறது) உள்ள வச்ச டீசல் எஞ்சினோ உள்ள சாதாரண பைபர் வள்ளத்துக்கு. பாய் வச்சு ஓட்ட நினைக்கிறவங்களுக்கும், வெளியூர்ல இருந்து பெரிய பாய்ப்படகு வாங்கிட்டு வர்றவங்களுக்கும் கீழே தனியா சொல்லியிருக்கேன்.

எந்தக் கடல்ல ஓடுச்சுன்னு முதல்ல கேளுங்க

ரெண்டு கடல் இருக்கிற மாவட்டம் நம்மளோடது. தொண்டி, முள்ளிமுனை, காரங்காடு, தேவிபட்டினம்னு வடகடல் (பாக் ஜலசந்தி) பக்கம் ஓடின வள்ளமும், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம், மூக்கையூர்னு தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் ஓடின வள்ளமும் ஒரே மாதிரி தேயாது. வடகடல் பக்கம் ஆழம் கம்மி, பல ஊர்ல வள்ளத்தைக் கரையில ஏத்தாம தண்ணியிலயே கட்டிப் போட்டுடுவாங்க, அப்படி மாசக்கணக்கா ஊறிக்கிடந்த பாடியில தண்ணிக்கோட்டுக்குக் கீழே கொப்புளம் வந்திருக்கான்னு பார்க்கணும். தென்கடல் பக்கம் அலை அடிக்கும், கடலடிப் பாறையும் பவளப்பாறையும் இருக்கு, மணல்ல தினமும் இழுத்து ஏத்தி இறக்குற வள்ளம்னா ஏரா (அடியில நீளத்துக்கு ஓடுற முதுகெலும்பு) தேஞ்சிருக்கும், அடியில அடி வாங்கியிருக்கும். வித்தவர் எந்த ஊருக்காரர்ங்கிறதை விட வள்ளம் எந்தப் பக்கம் நின்னுச்சுங்கிறதுதான் முக்கியம், சில வள்ளம் சீசனுக்கு ஏத்த மாதிரி ரெண்டு பக்கமும் போயிருக்கும், அதையும் கேட்டுக்கோங்க.

காத்தையும் கவனிங்க. கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாசங்கள்ல தென்கடல் கொந்தளிப்பா இருக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். வாடைக்காத்து தொடங்கிட்டா அப்படியே தலைகீழ். ஜூலை மாசம் தேவிபட்டினத்துல வள்ளத்தை ஓட்டிப் பார்த்து "ஆட்டமே இல்ல, அருமையா இருக்கு"ன்னு முடிவு பண்ணா அது வள்ளத்தோட பெருமை இல்ல, அந்த மாசத்துக் கடலோட குணம்.

இன்னொண்ணு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம். அது விசைப்படகுக்குத்தான், நாட்டுப்படகுக்கு இல்ல. ஆனா அந்த நேரத்துல விசைப்படகு எல்லாம் மராமத்துக்கு ஏறிடும், நல்ல ஆசாரியும் பைபர் வேலைக்காரரும் மெக்கானிக்கும் கையில கிடைக்க மாட்டாங்க. கூட ஒரு வேலை தெரிஞ்ச ஆளைக் கூட்டிட்டுப் போகணும்னா முன்னாடியே சொல்லி வைங்க. கூட்டிட்டுப் போறவர் வித்தவருக்குச் சொந்தமோ, புரோக்கர் கூட தொழில் பண்றவரோ இல்லாம பார்த்துக்கோங்க.

பாடி: காய்ஞ்ச நிலையில, பகல் வெளிச்சத்துல

தண்ணியில மிதக்குற வள்ளத்தைப் பார்த்து முடிவு பண்ணவே கூடாது. கரையில ஏத்தி, கவுத்தோ சாய்ச்சோ போட்டு, கொட்டலசு (ஒட்டுச் சிப்பி), பாசி எல்லாம் சுரண்டிக் கழுவி, ரெண்டு மூணு நாள் காய்ஞ்சதுக்கு அப்புறம் பார்க்கணும். "நாளைக்குத் தொழிலுக்குப் போகணும், ஏத்த முடியாது"ன்னு சொன்னா ஏத்துறப்போ கூப்பிடுங்கன்னு சொல்லிட்டு வந்துடுங்க. ஏத்துற கூலியை நானே தர்றேன்னு சொல்லிப் பாருங்க, அதுக்கும் மறுத்தா அந்த வள்ளம் வேண்டாம்.

புதுசா அடிச்ச பெயின்டைக் கண்டா கூடுதலா சந்தேகப்படணும். அதுவும் அடிப்பகுதிக்கு மட்டும், இல்லன்னா எஞ்சின் மாட்டுற பின்பலகைக்கு மட்டும் புதுசா அடிச்சிருந்தா ஏன்னு நேரடியா கேளுங்க. பெயின்டுக்கு அடியில புட்டி வச்சு மூடியிருந்தா வெயில் சாய்வா விழுற காலை நேரத்துல, பாடியோட நீளத்துக்குக் கண்ணை ஓட்டினா மேடு பள்ளம் தெரிஞ்சிடும். நடுப்பகல்ல பார்த்தா தெரியாது.

அப்புறம் தட்டிப் பார்க்கிறது. ஸ்குரூ டிரைவரோட பிளாஸ்டிக் பிடியோ சின்ன சுத்தியலோ போதும், அணியத்துல (முன்முனை) ஆரம்பிச்சு ஒரு சாண் இடைவெளியில பின்பக்கம் வரைக்கும் தட்டிக்கிட்டே வாங்க, அவசரப்படாதீங்க, ஒரு மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். நல்ல இடம் 'டங் டங்'னு கணீர்னு கேட்கும். அடுக்கு பிரிஞ்ச இடம், உள்ள தண்ணி நிக்கிற இடம், புட்டி வச்ச இடம் எல்லாம் 'டொப்'புன்னு செத்த சத்தம் கொடுக்கும். அந்த இடத்துல சாக்பீஸால வட்டம் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருங்க. கடைசியில தள்ளி நின்னு பார்த்தா எத்தனை வட்டம், எங்க எங்க கூடியிருக்குன்னு ஒரே பார்வையில தெரியும். ஒண்ணு ரெண்டு சிதறி இருந்தா மராமத்து பண்ணிக்கலாம், ஒரே பக்கத்துல தொடர்ச்சியா இருந்தா விட்டுடுங்க.

கொப்புளம் இருந்தா அதையும் சோதிக்கணும். பாலியஸ்டர் ரெசின் கண்ணுக்குத் தெரியாம தண்ணியை உறிஞ்சும், உள்ள போன தண்ணி ரெசின்ல இருக்கிற சில பொருளைக் கரைச்சு ஒரு புளிச்ச திரவமா மாறி, வெளிப் பூச்சான ஜெல்கோட்டைத் தள்ளிக்கிட்டு வரும். ஓனர்கிட்ட கேட்டுட்டு ஒரு கொப்புளத்தைக் கூர்மையான எதையாவது வச்சு குத்திப் பாருங்க, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கோங்க, உள்ள அழுத்தத்துல பீச்சி அடிக்கும். வினிகர் மாதிரி வாடை வந்து விரல்ல பிசுபிசுன்னு ஒட்டுச்சுன்னா பாடி ஊற ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம். வெறும் தண்ணியா வந்தா பெயின்டுக்கும் ஜெல்கோட்டுக்கும் நடுவுல நின்ன தண்ணியா இருக்கலாம், அது பெரிய விஷயம் இல்ல.

விரிசல்ல எல்லாமே ஆபத்து கிடையாது. ஒரு புள்ளியில இருந்து நட்சத்திரம் மாதிரி கிளம்பினா அந்த இடத்துல எதுலயோ மோதியிருக்கு, உள்பக்கம் அதே இடத்துல வெள்ளையா வெளுத்திருக்கான்னு பாருங்க. வரிசையா கோடு கோடா ஓடினா அந்த இடம் அலையில வளைஞ்சு வளைஞ்சு களைச்சுப் போயிருக்கு. வங்குக்கால் (உள்பக்க விலாச் சட்டம்) முடியிற இடத்துலயும், பலகை வச்சு ஒட்டின மூலையிலயும் இப்படிக் கோடு இருந்தா அது பூச்சுல உள்ள பிரச்சனை இல்ல, கட்டுமானப் பிரச்சனை.

பெயின்ட் அடிக்காத இடமா இருந்தா, உச்சி வெயில்ல வள்ளத்துக்கு உள்ள உக்காந்து சுவரைப் பாருங்க, வெளிச்சம் பைபர் வழியா மங்கலா உள்ள வரும். எங்க மெல்லிசு, எங்க ஒட்டுப் போட்டிருக்கு, எங்க ரெசின் சரியா ஊறாம பைபர் மேட் வெளுப்பா கிடக்குன்னு எல்லாம் நிழல் மாதிரி தெரியும். 2004 சுனாமிக்கு அப்புறம் நம்ம கரையில பைபர் வள்ளம் ரொம்ப வேகமா பெருகுச்சு, அவசரத்துல கட்டினதுல அடுக்கு குறைச்சதும் உண்டு. பழைய பாடின்னா இந்தச் சோதனையை விட்டுடாதீங்க.

ஏராவைக் கையால தடவிப் பாருங்க. பைபர் நூல் வெளியே தெரிஞ்சா தண்ணி அது வழியாத்தான் ஏறும். அடியில பட்டை போட்டு போல்ட் முடுக்கியிருந்தா ஒவ்வொரு போல்ட்டைச் சுத்தியும் துருக்கோடு வழியுதான்னு கவனிங்க.

பின்பலகை

அவுட்போர்டு வள்ளம் கெட்டுப்போறது பெரும்பாலும் இங்கதான், அதனால இதுக்கு மட்டும் தனியா நேரம் ஒதுக்குங்க. வெளியில பைபர், உள்ள பிளைவுட்டோ மரமோ. எஞ்சின் போல்ட் ஓட்டை வழியா தண்ணி இறங்கி மரம் உள்ளுக்குள்ளயே கஞ்சியா கரைஞ்சிருக்கும், வெளியில பார்த்தா ஒண்ணும் தெரியாது.

எஞ்சினோட காலைப் பிடிச்சு மேலயும் கீழயும் அழுத்தி ஆட்டுங்க, இன்னொரு ஆள் பலகையைப் பார்த்துக்கிட்டு நிக்கட்டும். எஞ்சின் கூட பலகையும் அசைஞ்சா, இல்ல பக்கச்சுவர் சேர்ற மூலையில விரிசல் வாய் திறந்தா, அந்தப் பலகை முடிஞ்சு போச்சு. எஞ்சின் கிளாம்ப் அழுத்தின இடம் உள்ள குழியாயிருந்தாலும் அதே கதைதான். நிச்சயமா தெரியணும்னா உள்பக்கத்துல, கீழ்ப்பகுதியில சின்னதா ஒரு துளை போட்டுப் பார்க்கணும், ஓனர் சம்மதத்தோட. வெளுப்பா காய்ஞ்ச மரத்தூள் வந்தா சந்தோஷம். கறுப்பா ஈரமா, மக்கின வாடையோட வந்தா பலகை மாத்துற செலவை அப்படியே விலையில கழிங்க, இல்லன்னா கிளம்புங்க. துளையை ரெசின் வச்சு அன்னைக்கே அடைச்சுக் கொடுத்துட்டு வரணும், அது மரியாதை.

உள்ள அடைச்ச பஞ்சும் தெர்மோகோலும்

வள்ளம் கவுந்தாலும் மூழ்காம இருக்கிறதுக்கு அணியத்துலயும் பக்கவாட்டுலயும் அறை கட்டி உள்ள ஃபோம் அடைச்சிருப்பாங்க. இதை யாரும் திறந்து பார்க்கிறதே இல்ல, ஆனா உயிர் போற நேரத்துல காப்பாத்துறது இதுதான். ஃபோம் வருஷக்கணக்குல தண்ணி குடிச்சிருந்தா வள்ளம் கனமாயிடும், வேகம் குறையும், டீசல் தின்னும், மிதக்க வைக்க வேண்டியதே அமுக்க ஆரம்பிச்சிடும். தெர்மோகோல் அடைச்சிருந்தா பெட்ரோல் கசிஞ்ச இடத்துல அது கரைஞ்சு காத்தாப் போயிருக்கும். அறையோட அடியில இருக்கிற தக்கையைக் கழட்டி விட்டு எவ்வளவு தண்ணி வடியுதுன்னு பாருங்க. தக்கையே இல்லன்னா அந்த வள்ளத்தைத் தினமும் தள்ளுற ஆட்கள்கிட்ட "முன்ன மாதிரி லேசா இருக்கா, எத்தனை பேர் வேண்டியிருக்கு"ன்னு கேளுங்க, உண்மை அங்க கிடைக்கும்.

எஞ்சின்

போன உடனே எஞ்சின் மேல கையை வைங்க. சூடா இருந்தா உங்களுக்கு முன்னாடியே யாரோ ஓட்டித் தயார் பண்ணி வச்சிருக்காங்க, ஆறுற வரைக்கும் காத்திருந்து குளிர்ந்த எஞ்சினைத்தான் ஸ்டார்ட் பண்ணச் சொல்லணும்.

டீசல் எஞ்சின்ல கரும்புகை தொடர்ந்து வந்தா இன்ஜெக்டர்லயோ காத்து போற வழியிலயோ கோளாறு, இல்லன்னா தாங்காத லோடு. நீலப்புகை ஆயில் எரியுது. வெள்ளைப்புகை சூடான பிறகும் நிக்கலைன்னா எரியாத டீசலோ தண்ணியோ. ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்க, பால் கலந்த மாதிரி இருந்தா உள்ள தண்ணி போயிருக்கு, அதுவும் உப்புத்தண்ணியா இருந்தா அந்த எஞ்சினுக்கு விலையே போடாதீங்க.

அவுட்போர்டுல குளிர்விக்கிற தண்ணி பின்னாடி நூல் மாதிரி பீச்சிக்கிட்டு வரணும், விட்டு விட்டு வந்தா பம்ப்லயோ உள்வழியில உப்பு அடைச்சோ பிரச்சனை. கியர் ஆயிலைக் கீழே இருக்கிற ஸ்குரூவைத் தளர்த்திக் கொஞ்சம் விடுங்க, இதுவும் வெள்ளையா வந்தா சீல் போயிருச்சு. மண்ணெண்ணெய்ல ஓட்டின எஞ்சினான்னு கேளுங்க, அப்படி ஓடினதுல கரி அதிகமா பிடிச்சிருக்கும். ரெண்டு சிலிண்டர் எஞ்சின்னா கம்ப்ரஷன் கேஜ் வச்சுப் பார்க்கச் சொல்லுங்க, ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. எஞ்சின் நம்பர் பில்லுல இருக்கிறதும் தகட்டுல இருக்கிறதும் ஒண்ணாங்கிறதையும் பாருங்க, தகடு சுரண்டியிருந்தா தொடவே தொடாதீங்க.

உள்ள வச்ச டீசல் எஞ்சின்னா ஷாப்ட்டைக் கையால அசைச்சு ஆட்டம் பாருங்க. புரொப்பல்லர் மஞ்சள் நிறத்துல இருக்கணும், அங்கங்க ரோஸ் நிறம் அடிச்சிருந்தா உலோகத்துல இருந்து துத்தநாகம் அரிச்சுப் போயிருச்சு, ஒரு நாள் உடைஞ்சிடும்.

ஒயரிங், பேட்டரி, ஜிபிஎஸ், எக்கோ சவுண்டர் (ஆழம் காட்டுறது), விஎச்எஃப் ரேடியோ இதெல்லாம் வேலை செய்யுதான்னு போட்டுப் பாருங்க, அவ்வளவுதான். இதுக்காக விலையை ஏத்திக் கேட்டா மயங்காதீங்க.

பாய் வச்சு ஓட்டுறவங்களுக்கு

தொண்டி பக்கம் வத்தையில (ஒரு வகை நாட்டுப்படகு) பாய் கட்டி, குறுக்குப் பலகையில ஆள் ஏறி உக்காந்து சமன் பண்ணி ஓட்டுற திறமை இன்னைக்கும் பாய்மரப் போட்டியில பார்க்கலாம், அது அழியக் கூடாதுன்னு மனசார ஆசைப்படுறேன். பாயோட பழைய வள்ளம் வாங்கினா, பாய்மரம் ஊன்றுற குழியையும் அதைச் சுத்தியும்தான் முதல்ல பார்க்கணும், மொத்தக் காத்தோட பாரமும் அங்கதான் இறங்குது. மரத்தோட அடியைக் கத்தி முனையால குத்துங்க, சுலபமா இறங்கினா மக்கிடுச்சு. பருமல் (பாயைக் கட்டுற கம்பு) மூங்கிலா இருந்தா வண்டு துளைச்ச மாவு கொட்டுதான்னு தட்டிப் பாருங்க. பாய்த்துணியை விட தையல் நூல்தான் வெயில்ல முதல்ல செத்துப்போகும், நகத்தால சுரண்டினாலே நூல் அறுந்தா முழுசா திரும்பத் தைக்கணும்.

கோவா, மும்பை, கொச்சி, புதுச்சேரி பக்கம் இருந்து கேபின் வச்ச பாய்ப்படகு வாங்கி நம்ம கடலுக்குக் கொண்டு வர நினைக்கிறவங்க மேல சொன்ன எல்லாத்தோடயும் இன்னும் சிலது பார்க்கணும். அடியில தொங்குற கீல் பாடியோட சேர்ற கோட்டுல விரிசலோ துருவோ இருக்கா, பாய்மரத்தைப் பிடிக்கிற எஃகு கம்பியில ஒரு இழையாவது பிஞ்சிருக்கா (கம்பிகளோட வயசு 10, 15 வருஷம் தாண்டியிருந்தா பார்வைக்கு நல்லா இருந்தாலும் மாத்தணும்), அந்தக் கம்பி பாடியில மாட்டுற தகட்டுக்குக் கீழே தண்ணிக் கறை இருக்கா, மேல்தளத்துல நடந்தா எங்கயாவது மெத்துமெத்துன்னு அமுங்குதா. இது எல்லாத்தையும் விட முக்கியம் கீல் எவ்வளவு ஆழம் தொங்குதுங்கிறது. பாக் ஜலசந்தி மேடும் திட்டுமா கிடக்கிற கடல், ஆழமான கீல் உள்ள படகுக்கு நம்ம கரையில ஒதுங்கவே இடம் கம்மி. ரெண்டு கடலுக்கும் நடுவுல போகணும்னா பாம்பன் கால்வாய்தான் வழி, 2025 ஏப்ரல்ல திறந்த புது ரயில் பாலத்துல 72.5 மீட்டர் நீளமுள்ள பகுதி 17 மீட்டர் மேல தூக்குற மாதிரி கட்டியிருக்காங்க, ஆனா பாலத்தைத் தூக்குறதுக்குத் துறைமுக அலுவலகத்துல அனுமதி வாங்கி முறை வர்ற வரைக்கும் காத்திருக்கணும், பாய்மரத்தோட உயரம், தண்ணிக்குள்ள இருக்கிற ஆழம் ரெண்டும் நீங்க எழுதிக் கொடுக்கணும். வாங்குறதுக்கு முன்னாடியே இந்த ரெண்டு அளவையும் நீங்களே டேப் வச்சு அளந்துக்கோங்க.

தண்ணியில இறக்கி

இறக்குறதுக்கு முன்னாடி உள்ள துணி போட்டுத் துடைச்சுக் காய வைங்க. ஒரு ராத்திரி முழுக்க ஓட்டாம தண்ணியில கிடக்கட்டும். காலையில உள்ள தண்ணி இருந்தா விரல்ல தொட்டு நாக்குல வச்சுப் பாருங்க, உப்புக் கரிச்சா கசிவு, இல்லன்னா பனியோ மழையோ.

காலி வள்ளத்தை ஓட்டிப் பார்த்து ஒரு பிரயோஜனமும் இல்ல. வலை, ஐஸ், ஆள், மீன் எல்லாம் சேர்ந்தா என்ன பாரம் வருமோ அந்த அளவுக்கு மணல் மூட்டை ஏத்துங்க. காத்து எழும்புற மத்தியான நேரத்துல போங்க. முழு வேகத்துல கொஞ்ச நேரம் ஓட விட்டு, அணியம் அலையில விழுறப்போ காலடியில தரை அதிருதான்னு கவனிங்க, பக்கச்சுவர்ல கையை வச்சா அது மூச்சு விடுற மாதிரி உள்ள வெளிய போகக் கூடாது. ரெண்டு பக்கமும் முழுசா திருப்புங்க. சுக்கானையோ எஞ்சின் பிடியையோ லேசா விட்டா ஒரே பக்கமா இழுத்துக்கிட்டுப் போனா பாடி கோணலா இருக்கலாம். திரும்பி வந்ததும் முதல் வேலையா உள்ள இருக்கிற தண்ணியைப் பாருங்க.

ஓட்டிப் பார்க்கிறப்போ தென்கடல்ல தீவுப் பக்கம் போயிடாதீங்க. மன்னார் வளைகுடாவுல இருக்கிற 21 தீவும் 1986ல இருந்து கடல்சார் தேசியப் பூங்கா, அனுமதி இல்லாம ஒதுங்கினா வனத்துறை கேஸ் போடும்.

பேப்பர்

வள்ளம் எவ்வளவு நல்லா இருந்தாலும் பேப்பர் சரியில்லன்னா அது உங்க வள்ளம் இல்ல. மீன்வளத்துறை பதிவுச் சான்று விக்கிறவர் பேர்லயே இருக்கணும், அண்ணன் பேர்ல இருக்கு, செத்துப் போன அப்பா பேர்ல இருக்குன்னா முதல்ல அதை மாத்திட்டு வரச் சொல்லுங்க. சான்றுல இருக்கிற நீள அகலத்தை டேப் வச்சு அளந்து ஒத்துப் பாருங்க. பாடியில எழுதியிருக்கிற நம்பரும் சான்றுல உள்ளதும் ஒண்ணா இருக்கணும், ஒரு நம்பரை ரெண்டு வள்ளத்துல எழுதி ஓட்டுறது நடக்கக் கூடாத விஷயம், ஆனா கண்ணால பார்த்து உறுதி பண்ணிக்கோங்க. மானிய டீசல் இந்தப் பதிவை வச்சுத்தான் கிடைக்குது, அதனால இதுல ஒரு எழுத்து தப்பா இருந்தாலும் பின்னாடி அலைய வேண்டியிருக்கும்.

நம்ம கரையில கூடுதலா ஒண்ணு விசாரிக்கணும், வள்ளம் மேல கேஸ் இருக்கா. கடல் அட்டை பிடிக்கிறது 2001ல இருந்து தடை, அதுலயோ வேற கடத்தல்லயோ மாட்டின வள்ளமா இருந்தா எந்த நாள் வேணும்னாலும் பறிமுதல் ஆகலாம். இலங்கைக் கடற்படை பிடிச்சு வச்சிருந்து திரும்பி வந்த படகா இருந்தா, அங்க மாசக்கணக்குல கவனிப்பார் இல்லாம தண்ணியில கிடந்திருக்கும், அதுக்கு மேல சொன்ன பாடி சோதனையை ரெண்டு மடங்கு பொறுமையா பண்ணணும். கடலோரக் காவல் நிலையத்துலயும் ஊர் மீனவர் சங்கத்துலயும் ஒரு வார்த்தை கேட்டுடுங்க. வியாபாரிகிட்ட முன்பணம் வாங்கி, மீனை அவருக்கே போடுறேன்னு எழுதிக் கொடுத்த வள்ளமா இருந்தா அந்தக் கடனும் உங்க தலையிலதான் விடியும், சங்கத்துல பாக்கி இல்லைன்னு ஒரு கடிதம் வாங்குங்க.

விலை பேசுறப்போ சாக்பீஸ் வட்டம், பின்பலகை, எஞ்சின்னு ஒவ்வொண்ணுக்கும் ஆசாரியும் மெக்கானிக்கும் சொன்ன செலவை ஒரு தாள்ல எழுதி வித்தவர் முன்னாடியே கூட்டிக் காட்டுங்க. "சம்மாட்டி, இவ்வளவு வேலை இருக்கு, நீங்களே சொல்லுங்க"ன்னு மரியாதையா கேட்டா பெரும்பாலும் இறங்கி வருவாங்க, அவங்களுக்கும் தெரியும். அட்வான்ஸ் கொடுத்தா பாடி, எஞ்சின் நம்பர், வலை, நங்கூரம், கயிறு, எது எது சேர்த்து எது சேர்க்காமன்னு எல்லாம் எழுதி, ரெண்டு பேர் சாட்சியோட கையெழுத்து வாங்குங்க. மிச்சப் பணம் மீன்வளத்துறையில பேர் மாத்த மனு கொடுக்கிற அன்னைக்கு, அந்த ஆபீஸ் வாசல்லதான் கொடுக்கணும், கடற்கரையில வேண்டாம். பேர் மாறி இன்சூரன்ஸும் உங்க பேருக்கு வந்த பிறகு தொழிலுக்கு இறக்குங்க, அதுக்கு நடுவுல ஒரு நாள் மட்டும்னு யார் கூப்பிட்டாலும் போகாதீங்க, அந்த ஒரு நாள்ல ஏதாவது ஆச்சுன்னா கூட வந்த ஆட்களோட குடும்பத்துக்கு ஒரு ரூபா இழப்பீடு வாங்கிக் கொடுக்கக் கூட உங்களுக்கு வழி இருக்காது.